நன்றிக் குறிப்பேடு ஏன் பொய்யாகத் தெரிகிறது?

வாசகியின் கடிதம்:

எனக்கு 44 வயது. நானும் கணவரும் நகரத்து வேலையை விட்டுவிட்டு மூன்று ஏக்கர் நிலத்தில் காய்கறியும் பயறும் பயிரிட்டு, ஒரு மாடும் சில கோழிகளும் வளர்த்து வாழ்ந்து வருகிறோம். வந்த புதிதில் விடியற்காலையில் எழுவதே சந்தோஷமாக இருந்தது. சென்ற பருவத்தில், அறுவடைக்கு முந்தைய வாரம் பெய்த மழையில் பயறு முழுவதும் செடியிலேயே முளைத்து வீணாகிவிட்டது. அடுத்த மாதமே எங்கள் கறவை மாடு நோயில் இறந்தது. கணவரோ "விவசாயம் என்றால் இப்படித்தான்" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார். நகரத்துத் தோழிகள் எங்கள் தோட்டத்தின் படங்களைப் பார்த்து "நீ கொடுத்து வைத்தவள்" என்கிறார்கள். அதைக் கேட்டால் அழுகைதான் வருகிறது. தினமும் நன்றி சொல்ல வேண்டியவற்றை எழுதிப் பார் என்று ஒருவர் சொன்னதால் "சூரியன், காற்று, குடும்பம்" என்று சில நாள் எழுதினேன். பொய் எழுதுவது போல இருந்ததால் விட்டுவிட்டேன். சில காலைகளில் எழுந்திருக்கவே வேண்டாம் என்று தோன்றுகிறது. இவ்வளவு இருந்தும் நன்றியுணர்வு வராதது என் குணக்கேடா? இந்த வாழ்க்கையில் எனக்கு மீண்டும் நம்பிக்கை வருமா? இன்னொரு மாடு வாங்கலாம் என்கிறார் கணவர். எனக்கு மனம் வரவில்லை.

மனநல ஆலோசகரின் பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

போகிற போக்கில் நீங்கள் எழுதியிருக்கும் ஒரு வரியிலிருந்தே தொடங்குகிறேன். சில காலைகளில் எழுந்திருக்கவே வேண்டாம் என்று தோன்றுவதாகச் சொல்கிறீர்கள். உடல் அசந்துபோய், இன்றைக்கு ஒருநாள் வேலை இல்லாமல் இருந்தால் நன்றாயிருக்குமே என்று நினைப்பது ஒன்று. உயிரோடு இருப்பதே வேண்டாம் என்று நினைப்பது வேறொன்று. உங்கள் மனத்தில் ஓடுவது முதலாவதாக இருந்தால், கீழே எழுதியிருப்பவற்றை நிதானமாகப் படிக்கலாம். இரண்டாவதன் சாயல் சிறிதளவு இருந்தாலும் இதை இங்கேயே நிறுத்திவிட்டு, இன்றே கணவரிடமோ நீங்கள் நம்பும் வேறொருவரிடமோ அதை மறைக்காமல் வாய்விட்டுச் சொல்லுங்கள். அவரையே துணைக்கு அழைத்துக்கொண்டு மருத்துவரைப் பாருங்கள். அப்படிச் சொல்வதால் அந்த எண்ணம் வலுப்பெறாது. பெரும்பாலும் அதன் பிடி தளரவே செய்யும்.

இதோடு சேர்ந்த இன்னொரு காரியத்தை, உங்கள் நிலைமை எதுவாக இருந்தாலும், எல்லா உழவர் வீடுகளுக்கும் சொல்வதுபோல உங்களுக்கும் சொல்கிறேன். வீட்டில் பூச்சிக்கொல்லி இருந்தால் அதைப் பூட்டி வையுங்கள், சாவி வேறொருவரிடம் இருக்கட்டும், தேவைக்கு மேல் வாங்கிச் சேர்த்து வைக்க வேண்டாம். கொடிய எண்ணம் உச்சத்தில் நிற்கும் நேரம் பெரும்பாலும் குறுகியது. அந்த நேரத்தில் கைக்கு எட்டாத தூரமே உயிரைக் காக்கிறது. 1990-களின் நடுப்பகுதியிலிருந்து மிகக் கொடிய பூச்சிக்கொல்லிகளைப் படிப்படியாகத் தடை செய்த இலங்கையில், அடுத்து வந்த இருபது ஆண்டுகளில் தற்கொலை விகிதம் ஏறத்தாழ 70 விழுக்காடு குறைந்தது. அங்கே வறுமையும் கடனும் அதற்குள் தீர்ந்துவிடவில்லை. நஞ்சு எளிதாகக் கிடைப்பது மட்டும் குறைந்தது.

சோர்வுக்கும் நோய்க்கும் உள்ள எல்லையையும் தெரிந்துகொள்ளுங்கள். அநேகமாக நாள் முழுவதும் மனம் கனத்திருப்பதோ, முன்பு பிடித்திருந்த எதிலும் நாட்டம் இல்லாமல் போவதோ இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்து, கூடவே தூக்கமும் பசியும் கவனமும் கெட்டு, நான் எதற்கும் உதவாதவள் என்ற நினைப்பும் சேர்ந்துகொண்டால், அது மருத்துவம் வேண்டும் நிலை. அதற்கு நல்ல சிகிச்சைகள் உண்டு. பேச்சு வழியிலும் மருந்து வழியிலும் பெரும்பாலோர் தேறுகிறார்கள். அந்த நிலையில் இருப்பவரிடம் நன்றிக் குறிப்பேட்டை நீட்டுவது, காய்ச்சல்காரரிடம் சிரித்துக்கொண்டே இருங்கள் என்று சொல்வதற்குச் சமம். ஆகவே முதலில் ஒரு பரிசோதனை செய்துகொள்ளுங்கள். தைராய்டு குறைபாடும் இரத்தசோகையும்கூட இதே சோர்வைத் தரக்கூடியவை, உங்கள் வயதில் அவை அரிதும் அல்ல.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். இது குணக்கேடு இல்லை. நீங்கள் துக்கத்தில் இருக்கிறீர்கள். அது துக்கம்தான் என்று உங்களைச் சுற்றியிருப்பவர்கள் ஒப்புக்கொள்ளாததால் நீங்களும் ஒப்புக்கொள்ளாமல் இருக்கிறீர்கள். பயறு வீணானது ஒரு பருவத்தின் உழைப்பையும் வருமானத்தையும் கொண்டுபோன இழப்பு. அதைக் கணக்குப் பார்த்து ஆற்றிக்கொள்ள ஒரு வழியாவது இருக்கிறது. மாட்டின் சாவு அப்படிப்பட்டதல்ல. கறவை மாடு வைத்திருப்பவரின் நாள் மாட்டின் நாளாகவே ஓடுகிறது: விடியுமுன் ஒரு கறவை, பொழுது சாயுமுன் ஒரு கறவை, இடையில் தண்ணீர், தீவனம், சாணம், கட்டுத்தறி மாற்றுதல். அது போன பிறகும் உடல் அதே நேரத்துக்கு விழித்துக்கொள்கிறது, கை தானாகப் பால் செம்பைத் தேடுகிறது, தொழுவத்தைக் கடக்கும்போது கால் ஒரு கணம் நின்றுவிடுகிறது. ஒரு நாளைக்கு இரண்டு முறை புதுப்பிக்கப்படும் இழப்பு அது. மனிதர் இறந்தால் வந்து உட்கார்ந்து பேசுவதற்கு ஆட்கள் இருக்கிறார்கள். மாடு இறந்தால் "ஒரு மாடுதானே, காப்பீடு இருந்ததா" என்ற விசாரிப்போடு முடிந்துவிடுகிறது. அழுவதற்கு இடம் கிடைக்காத துக்கம் வேறு வேடத்தில் வரும், பெரும்பாலும் மரத்துப்போன மனமாக வரும். மரத்துப்போன மனத்தில் நன்றி மட்டும் தனியாகத் துளிர்க்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

கணவர் "இப்படித்தான்" என்று சொல்லிவிட்டுப் போவதை அலட்சியம் என்று உடனே முடிவு கட்டிவிட வேண்டாம். பலருக்கு, குறிப்பாக ஆண்களுக்கு, வேலைக்குள் போய் ஒளிந்துகொள்வதே துக்கம் காக்கும் முறையாக இருக்கிறது. ஓர் இரவு சாப்பாட்டுக்குப் பிறகு அந்த மாட்டைப் பற்றி மட்டும் பேசுங்கள்: எப்போது வாங்கினீர்கள், முதல் கன்றை எப்படி ஈன்றது, யார் வந்தால் முட்டும், யார் கைக்கு மட்டும் பால் இறக்கும் என்று. தீர்வைப் பற்றி அன்று பேச வேண்டாம். அவர் வாய் திறக்கிறாரா என்று பாருங்கள், பெரும்பாலும் திறப்பார்.

தோழிகளைப் பற்றி ஒரு வார்த்தை. அவர்கள் பார்ப்பது மாலை வெயிலில் எடுத்த படம். படத்துக்குக் கடன் தவணை கிடையாது, முதுகுவலி கிடையாது, மாடு இறந்த நாற்றம் கிடையாது. அவர்கள் பொய் சொல்லவில்லை, பாதியைப் பார்த்துச் சொல்கிறார்கள். மீதிப் பாதியை ஒருத்தியிடமாவது சொல்லிவிடுங்கள். எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருக்கத் தேவையில்லை.

இப்போது அந்தக் குறிப்பேடு. அது ஏன் உங்களுக்குப் பொய்யாகப் பட்டது என்பதில்தான் நான் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்ள விரும்புகிறேன், ஏனென்றால் தவறு உங்களிடம் இல்லை, அதை உங்களுக்குச் சொல்லித்தந்த முறையில் இருக்கிறது. இந்தப் பயிற்சியைப் பற்றிய புகழ்பெற்ற ஆய்வை ராபர்ட் எம்மன்ஸ், மைக்கேல் மெக்கல்லோ என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் 2003-இல் வெளியிட்டார்கள். அதன் முதல் பகுதியில் பங்கேற்ற மாணவர்கள் தினமும் எழுதவில்லை. வாரத்துக்கு ஒரு முறை, கடந்த வாரத்தில் நன்றி பாராட்டத் தக்கவை என்று ஐந்து விஷயங்கள் வரை, பத்து வாரம் எழுதினார்கள். எரிச்சலூட்டியவற்றைப் பட்டியலிட்ட குழுவோடு ஒப்பிட்டபோது இவர்கள் தங்கள் வாழ்க்கையைப் பற்றி நிறைவாகவும் வரும் வாரத்தைப் பற்றி நம்பிக்கையாகவும் இருந்தார்கள், உடல் உபாதைகளையும் குறைவாகவே சொன்னார்கள். சில ஆண்டுகளுக்குப் பிறகு உளவியலாளர் சோன்யா லுபோமிர்ஸ்கியும் அவருடைய சகாக்களும், வாரம் ஒரு முறை எழுதியவர்களுக்குப் பலன் இருந்ததையும் வாரம் மூன்று முறை எழுதியவர்களுக்கு அது தென்படாததையும் காட்டினார்கள். அடிக்கடி எழுதினால் அது வருகைப் பதிவேடு ஆகிவிடுகிறது. பிற்காலத்தில் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், மனச்சோர்வையும் பதற்றத்தையும் குறைப்பதில் இத்தகைய பயிற்சிகளின் பலன் சிறியது என்றே முடிவு செய்தார்கள். அதையும் நீங்கள் தெரிந்திருக்க வேண்டும். சிறிய பலன் என்றால் பலனே இல்லை என்று பொருள் இல்லை. ஆனால் அதன் மேல் முழுப் பாரத்தையும் ஏற்றக் கூடாது.

"சூரியன், காற்று, குடும்பம்" என்ற மூன்று சொற்களில் கண் எதையும் பார்க்கவில்லை, அதனால்தான் அது பொய்யாகப் பட்டது. எவரும் எந்த ஊரிலும் எந்த நாளிலும் எழுதக்கூடிய வரி அது. உங்களுக்கு வேண்டியது உங்கள் நிலத்தில், அந்த வாரத்தில், நீங்கள் மட்டுமே பார்த்திருக்கக்கூடிய ஒன்று. இங்கே உழவுத் தொழிலுக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. வயலைச் சுற்றிவரும்போது உழவரின் கண் எதைத் தேடுகிறது? மஞ்சளாகிப்போன இலையை, ஓட்டை விழுந்த காயை, கசியும் குழாயை, சாய்ந்த வேலியை. சரியாக இருப்பதைக் கண் தாண்டிப் போய்விடுகிறது. குறையில் மட்டும் நிற்கிறது. அது உங்கள் திறமை, அதைக் குறைசொல்ல மாட்டேன். அந்தக் கண் இல்லாதவர் விவசாயம் செய்ய முடியாது. போதாக்குறைக்கு மனித மனமே தீயதை நல்லதைவிட அழுத்தமாகப் பதிந்துகொள்ளும் இயல்புடையது என்பதை உளவியலாளர் ராய் பாமைஸ்டரும் சகாக்களும் 2001-இல் நூற்றுக்கணக்கான ஆய்வுகளைத் திரட்டிக் காட்டியிருக்கிறார்கள். இயல்பும் தொழிலும் ஒரே பக்கம் இழுக்கும்போது, மாலையில் உட்கார்ந்து நல்லதை நினைவுபடுத்திக்கொள் என்றால் என்ன வரும்? சூரியன்தான் வரும்.

ஆகவே குறிப்பேட்டுக்கு முன்பாக ஒரு நடை வேண்டும். வாரத்தில் ஒரு நாள், கால்மணி நேரம், கையில் கருவியும் கைப்பேசியும் இல்லாமல் நிலத்தைச் சுற்றி வாருங்கள். வழியில் பழுது கண்ணில் பட்டால் மனத்தில் குறித்துக்கொள்ளுங்கள், உடனே சரிசெய்யக் குனியாதீர்கள். அந்த நடையின் வேலை, நன்றாக நடந்துகொண்டிருக்கும் ஒன்றைக் கண்டுபிடித்து அருகே போய்ப் பார்ப்பது. அடுத்த முறை பயறு விதைத்தால், பூக்கும் பருவத்தில் ஒரு செடியைப் பிடுங்காமல், சுற்றிலும் மண்ணோடு தோண்டி எடுங்கள். பிடுங்கினால் வேர்முடிச்சுகள் மண்ணிலேயே உதிர்ந்துவிடும். வேரை ஒரு வாளித் தண்ணீரில் மெல்ல அலசினால் கடுகளவும் மிளகளவுமாக முடிச்சுகள் தெரியும். ஒன்றை நகத்தால் கிள்ளிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக, பச்சை இறைச்சியின் நிறத்தில் இருந்தால், அதற்குள் இருக்கும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்குக் கொடுத்துக்கொண்டிருக்கின்றன என்று பொருள். வெளுத்தோ பச்சையாகவோ இருந்தால் வேலை நடக்கவில்லை. அந்தச் சிவப்புக்குக் காரணம் நம் இரத்தத்தின் சிவப்பணுவில் இருப்பதற்கு உறவான, இரும்புச்சத்துள்ள ஒரு புரதம். செடி சர்க்கரை கொடுக்கிறது, நுண்ணுயிர் நைட்ரஜன் கொடுக்கிறது, இந்தக் கொடுக்கல் வாங்கல் உங்கள் காலடியில் ஓசையில்லாமல் நடக்கிறது. சென்ற பருவத்துப் பயறிலும் அது நடந்திருக்கும். காய் முளைத்து வீணானாலும் வேரிலும் தழையிலும் சேர்ந்ததில் ஒரு பகுதி மண்ணில்தான் இருக்கிறது. இதைச் சொல்லி உங்கள் இழப்புக்கு ஈடுகட்ட நான் முயலவில்லை, ஈடாகாது. நடந்தது முழுவதும் இழப்பு என்று மனம் எழுதிவைத்திருக்கும் கணக்கில் ஒரு வரி விட்டுப்போயிருக்கிறது என்று மட்டுமே சொல்கிறேன்.

இப்படிப் பார்த்ததை எழுதும்போது இடம், உயிர், செயல் மூன்றும் வரும்படி எழுதுங்கள். "மழைக்கு நன்றி" என்பதற்குப் பதிலாக, "வடக்கு வரப்போரம் நட்ட நாற்றில் வாடியிருந்தவை எல்லாம் இன்று தலைநிமிர்ந்துவிட்டன" என்று எழுதலாம். "கோழிகளுக்கு நன்றி" என்பதற்குப் பதிலாக, "கழுத்தில் இறகு உதிர்ந்த கோழி மீண்டும் முட்டையிடத் தொடங்கிவிட்டது" என்று எழுதலாம். ஒரு முட்டை உருவாக ஏறத்தாழ 25 மணி நேரமாகிறது, அதில் 20 மணி நேரம் ஓட்டுக்கே போகிறது என்பதை நினைத்துக்கொண்டு கையில் எடுத்துப் பாருங்கள், எடுக்கும் விதமே மாறும். நன்றி என்ற சொல்லை எழுதவேண்டிய கட்டாயம்கூட இல்லை. பார்த்தது உண்மையாக இருந்தால் போதும், உணர்வு வருவதும் வராததும் அதன் இஷ்டம். எழுத ஒன்றுமே கிடைக்காத வாரத்தில் பக்கத்தைக் காலியாக விடுங்கள். இட்டுக்கட்டி நிரப்பினால் பழைய பொய் உணர்வு திரும்பிவிடும்.

இயற்கைக்கு நன்றி சொல்வதைவிட மனிதருக்குச் சொல்வது மனத்தில் ஆழமாகப் பதியும் என்று நினைக்கிறேன். உளவியலாளர் மார்ட்டின் செலிக்மனும் சகாக்களும் 2005-இல் வெளியிட்ட ஆய்வில், தங்களுக்கு உதவிய ஒருவருக்கு நன்றிக் கடிதம் எழுதி, நேரில் போய்க் கொடுத்தவர்களிடம் தெரிந்த மகிழ்ச்சி ஏறத்தாழ ஒரு மாதம்வரை நீடித்தது. நீங்கள் நெடிய கடிதம் எழுத வேண்டியதில்லை. மாட்டுக்கு நோய் முற்றிய இரவுகளில் உங்களோடு தொழுவத்தில் விழித்திருந்தவர் யார்? மழை வந்த அன்று படுதாவைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தவர் யார்? அவரிடம், அன்று அவர் செய்த அந்த ஒன்றைக் குறிப்பிட்டுச் சொல்லுங்கள். அந்த ஒருவர் உங்கள் கணவராகவே இருந்தால் அது இன்னும் நல்லது. ஒரே வீட்டில், ஒரே வேலையில் இருப்பவர்கள் ஒருவருக்கொருவர் நன்றி சொல்வது எப்போதோ நின்றுபோயிருக்கும்.

ஓர் எச்சரிக்கையும் வேண்டும். நன்றியுணர்வைப் பொறுத்துக்கொண்டு போவதற்கான மருந்தாக யாரும் உங்களுக்குப் புகட்ட இடம் கொடுக்காதீர்கள். விளைபொருளுக்குக் குறைந்த விலை தருபவரிடம் கேள்வி கேட்பதற்கும், தவணைக்கு அவகாசம் கேட்டு நிற்பதற்கும், வேலைப் பளு ஒருவர் மேலேயே விழுகிறது என்று வீட்டுக்குள் சொல்வதற்கும் நன்றி குறுக்கே வர வேண்டியதில்லை. "இருப்பதை வைத்துத் திருப்திப்படு" என்ற அறிவுரை பல நேரங்களில் சொல்பவருக்கு வசதியானது என்பது என் அனுபவம்.

நம்பிக்கையைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். நல்லது நடக்கும் என்று மனம் தானாக எதிர்பார்ப்பதை நம்பிக்கை என்று நாம் பொதுவாகப் புரிந்துகொள்கிறோம். அமெரிக்காவின் கான்சாஸ் பல்கலைக்கழகத்தில் இருந்த உளவியலாளர் சி. ஆர். ஸ்னைடர் 1990-களில் அதை வேறு விதமாக வகுத்தார். ஓர் இலக்கு, அதை அடையப் பல வழிகளைக் கண்டுபிடிக்கும் திறன், அந்த வழியில் நடக்க என்னால் முடியும் என்ற உந்துதல் ஆகிய மூன்றும் சேர்ந்ததே அவர் கணக்கில் நம்பிக்கை. உழவர்களோடு பேசும்போது இந்த வரையறை எனக்கு மிகவும் பயன்பட்டிருக்கிறது, ஏனென்றால் வானத்தையும் சந்தையையும் எதிர்பார்த்து நிற்பதை அது நம்பிக்கைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. மழை உங்கள் இலக்காக முடியாது. மழை காலம் தப்பிப் பெய்தாலும் பயறு முழுவதும் ஒரே வாரத்தில் முற்றாதபடி இரண்டு தவணையாக விதைப்பது உங்கள் கையில் இருக்கும் வழி. ஒரு பாத்தியைப் பயறுக்கு விடாமல் வேறொன்றுக்கு ஒதுக்குவது இன்னொரு வழி. வழி இரண்டாகும்போதே மூச்சு கொஞ்சம் இலகுவாகும்.

இதில் காலத்தின் பங்கு பெரியது என்று நான் கருதுகிறேன். ஒரே பயிரை நம்பும் நிலம், நீங்கள் செய்த வேலைக்கான விடையைப் பருவத்துக்கு ஒரு முறைதான் சொல்கிறது. அந்த ஒரு விடையும் தப்பிவிட்டால் ஆண்டு முழுவதும் பட்டது வீண் என்று மனம் தீர்ப்பெழுதிவிடுகிறது. ஆகவே வெவ்வேறு நீளத்தில் விடை தரும் வேலைகளை நிலத்தில் பரப்பி வையுங்கள். கீரை விதைத்தால் 25, 30 நாளில் கைக்கு வரும். கோழியை அடை வைத்தால் 21-ஆம் நாள் குஞ்சு பொரிக்கும். பயறு வகைகளில் 60 முதல் 75 நாளில் முற்றுபவை உண்டு. வேலியோரம் நடும் பழக்கன்று சில ஆண்டுகள் கேட்கும். கீரையால் கடன் அடையப்போவதில்லை, அது எனக்கும் தெரியும். ஆனால் நான் செய்தேன், அதனால் இது நடந்தது என்ற அனுபவம் மாதம் ஒரு முறையாவது உங்கள் கைக்குக் கிடைக்க வேண்டும். இதை வெறும் ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. தம் செயலால் எதுவும் மாறாத துன்பத்தில் நெடுநாள் சிக்கிய உயிர்கள், பிறகு தப்பிக்க வழி இருந்தும் முயலாமல் கிடப்பதை 1967-இல் செலிக்மனும் ஸ்டீவன் மையரும் சோதனைகளில் காட்டி, அந்தக் கையறு நிலை கற்றுக்கொள்ளப்படுவது என்றார்கள். ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் கழித்து, 2016-இல், மூளை ஆய்வுகளின் அடிப்படையில் அதே இருவரும் தங்கள் விளக்கத்தைத் திருப்பிப் போட்டார்கள்: நீண்ட துன்பத்தில் செயலற்றுப்போவது உயிரின் இயல்பான எதிர்வினை, அதைக் கற்க வேண்டியதே இல்லை, கற்றுக்கொள்ளப்படுவது, என் செயலுக்கு விளைவு உண்டு என்பதே. மரத்துப்போயிருப்பதற்காக உங்களை நீங்களே கடிந்துகொள்வது எவ்வளவு பொருந்தாதது என்பது இதிலிருந்து விளங்கும். அந்தப் பாடத்தை மீண்டும் கற்பதற்கு ஒரு கீரைப்பாத்தி போதுமான பள்ளிக்கூடம்.

கணக்கையும் விட்டுவிட முடியாது. மனத்தைப் பற்றிப் பேசுபவர்கள் பணத்தைப் பற்றிப் பேசக் கூச்சப்படுகிறார்கள். ஆனால் எவ்வளவு கடன், எவ்வளவு நாள் தாங்கும் என்று தெளிவாகத் தெரியாத வீட்டில் இரவுத் தூக்கம் வராது, தூக்கம் வராதவருக்கு எதிலும் நம்பிக்கை வராது. கணவரோடு ஒரு பகல் உட்கார்ந்து, சென்ற பருவத்தின் வரவு செலவு முழுவதையும் தாளில் எழுதுங்கள். உங்கள் இருவரின் உழைப்பு நாள்களையும் அதில் சேருங்கள், அதை யாரும் சேர்ப்பதில்லை. பிறகு, எந்த நிலை வந்தால் பயிரிடும் பரப்பைக் குறைப்பது அல்லது ஒருவர் வெளிவேலைக்குப் போவது என்பதையும், அதை மீண்டும் எப்போது உட்கார்ந்து பேசுவது என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்து தேதி போட்டு வையுங்கள். அந்தத் தேதி வரும்வரை "விட்டுவிடலாமா" என்ற கேள்வியைத் தினமும் தூக்கிச் சுமக்க வேண்டியதில்லை. நிலத்தின் ஒரு பகுதியைத் தரிசாகப் போடுவதோ குத்தகைக்கு விடுவதோ தோல்வி என்று நீங்கள் நினைத்தால், அந்த நினைப்பை மட்டும் தனியாக எடுத்து எனக்கு எழுதுங்கள். அது இன்னொரு பதிலுக்கு உரிய பெரிய விஷயம்.

மாடு வாங்குவதைப் பற்றி. இப்போது வேண்டாம் என்பதே என் ஆலோசனை. இழந்த இடத்தை உடனே நிரப்பினால், புதிதாக வரும் மாடு பழையதோடு ஒப்பிடப்பட்டே வளரும். கறவை நேரங்களில் உங்களுக்கு வரும் வெறுமையும் தீராது. இன்னொன்று, மாடு எந்த நோயில் இறந்தது என்று நீங்கள் எழுதவில்லை. அது தொற்று நோயாக இருந்தால் தொழுவத்தை எப்படிச் சுத்தம் செய்வது, எத்தனை நாள் காலியாக விடுவது, புதிய மாட்டுக்கு முன்கூட்டியே என்ன தடுப்பூசி போடுவது என்பதைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளாமல் வாங்கக் கூடாது. கணவர் அவசரப்படுவதற்கு பால் வருமானம் நின்றுபோனதும் ஒரு காரணமாக இருக்கலாம். அவருடைய கவலையையும் அந்தத் தாளில் ஒரு வரியாக எழுதிவிடுங்கள். கணக்குப் பார்த்து முடித்த பிறகு, தீவனமும் ஆள்பலமும் உண்மையிலேயே போதுமானால், கறவை மாட்டுக்குப் பதிலாக ஒரு கிடாரிக் கன்றாக வாங்குவதைப் பற்றி இருவரும் யோசியுங்கள். செலவு குறையும், கறவைக்கு வரச் சில ஆண்டுகள் பிடிக்கும், உங்களுக்கும் அந்த அவகாசம் தேவைப்படுகிறது. பால் வருமானம் அதுவரை இல்லாமல் குடும்பம் தாங்காது என்று கணக்கு சொன்னால், வாங்க வேண்டியதைப் பருவம் முடிந்த பின் வாங்குங்கள். கன்றோ மாடோ, சந்தைக்கு அவரை மட்டும் அனுப்பாமல் நீங்களும் போய், கையால் தொட்டுப் பார்த்து, உங்களுக்குப் பிடித்ததையே ஓட்டி வாருங்கள்.